கல்லாவில் கற்றது கூடவே வருமா?

முதல் வேலை வாழ்நாள் முழுக்கக் கைகொடுக்கும் பாடங்களைத் தரும் என்று வீட்டில் சொல்வார்கள், கல்லூரியில் சொல்வார்கள், சேர்ந்த இடத்தில் முதலாளியும் சொல்வார். சம்பளம் குறைவாக இருந்தால் அவர் இன்னும் கொஞ்சம் அழுத்திச் சொல்வார். இந்த அத்தியாயம் அந்த நம்பிக்கையைப் பாதிதான் ஏற்கிறது. ஒரு வேலையைத் திரும்பத் திரும்பச் செய்தால் அந்த வேலையில் கை பழகும். அதில் சந்தேகம் இல்லை. பழகிய கை அடுத்த வேலைக்கும் உதவுமா என்பது வேறு கேள்வி. உதவும், ஆனால் தானாக உதவாது, நாம் சிலவற்றைச் செய்தால்தான் உதவும் என்பதே நம்மிடம் இருக்கும் ஆய்வுகள் சொல்லும் விடை. அந்தச் சில வேலைகள் என்ன என்று தெரிந்துகொள்வதற்கு முன் ஆய்வுகளைக் கொஞ்சம் நிதானமாகப் பார்த்துவிடுவது நல்லது.

பிரேசிலின் ரெசிஃபே நகரத்துச் சந்தைகளிலும் தெருமுனைகளிலும் வியாபாரம் பார்த்த சிறுவர்களைக் கவனித்து மூன்று ஆய்வாளர்கள் 1985இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். முதலில் அவர்கள் வாடிக்கையாளர்களாகவே போய் நின்றார்கள். ஒரு தேங்காய் 35 குரூசேரோ, பத்துத் தேங்காய் என்ன விலை என்று கேட்டால், பன்னிரண்டு வயதுப் பையன் மூன்று காய்க்கு 105, இன்னும் மூன்று சேர்த்தால் 210 என்று அடுக்கிக்கொண்டே போய் 350இல் சரியாக நின்றான். இப்படி வியாபாரத்தின் போக்கில் கேட்ட கேள்விகளில் 98 விழுக்காட்டுக்குச் சரியான விடை வந்தது. அதே சிறுவர்களிடம் அதே வகைக் கணக்குகளை வெறும் எண்களாகத் தாளில் கொடுத்தபோது சரியான விடைகள் 37 விழுக்காட்டுக்கு இறங்கின. ஐந்தே பேரை வைத்துச் செய்த ஆய்வுதானே என்று இதை ஒதுக்கியிருக்கலாம். ஆனால் 2025இல் பொருளியலாளர்கள் அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டுஃப்லோ உள்ளிட்ட குழு நேச்சர் அறிவியல் இதழில் வெளியிட்ட ஆய்வு, கொல்கத்தா, டெல்லி சந்தைகளில் வேலை செய்யும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட குழந்தைகளிடம் இதையேதான் கண்டது. கல்லாவில் மனக்கணக்காகப் போட்டதை அவர்களால் பாடப்புத்தக வடிவில் போட முடியவில்லை. பள்ளியில் மட்டும் கணக்குப் படித்த குழந்தைகளோ தாளில் தேறினார்கள், சந்தைக் கணக்கில் தடுமாறினார்கள். இரண்டு திறமைகளும் நடுவே கதவில்லாத இரண்டு அறைகளில் இருந்தன.

ஏன் இப்படி? 1901இலேயே தார்ன்டைக், உட்வொர்த் என்ற உளவியலாளர்கள் இதற்கு ஒரு விளக்கம் தந்தார்கள். செவ்வகங்களின் பரப்பளவைக் கண்ணால் மதிப்பிடப் பழகியவர்களிடம் வேறு வடிவங்களைக் கொடுத்தபோது அந்தத் தேர்ச்சியில் பெரும்பகுதி காணாமல் போனது. இரண்டு வேலைகளுக்கும் பொதுவான கூறுகள் எவ்வளவு உண்டோ அவ்வளவுதான் தேர்ச்சி இடம்பெயரும் என்றார்கள். அது மட்டும் போதாது என்று 1980இல் கிக், ஹோலியோக் என்ற இருவர் காட்டினார்கள். ஒரு கோட்டைக்குப் போகும் சாலைகளில் எல்லாம் படையைச் சிறு சிறு பிரிவாக அனுப்பிப் பிடித்த தளபதியின் கதையை அவர்கள் மாணவர்களுக்குப் படிக்கக் கொடுத்தார்கள். பிறகு, சுற்றியுள்ள சதையைப் பொசுக்காமல் கதிர்வீச்சால் கட்டியை அழிப்பது எப்படி என்று கேட்டார்கள். பல திசையிலிருந்து வலுக்குறைந்த கதிர்களை அனுப்பலாம் என்ற விடை கதையிலேயே இருக்கிறது. ஆனாலும் தாமாகக் கண்டுபிடித்தவர்கள் பத்தில் மூன்று பேர் அளவுதான். முன்பு படித்த கதை உதவலாம் என்று ஒரு வார்த்தை சொன்னதும் ஏறக்குறைய முக்கால்வாசிப் பேர் பிடித்துக்கொண்டார்கள். பொதுக்கூறு கண்முன்னே இருந்தும், அது பொதுக்கூறு என்று யாராவது சொல்ல வேண்டியிருந்தது. அதே இருவரின் 1983ஆம் ஆண்டு ஆய்வில், ஒரே அமைப்புள்ள இரண்டு கதைகளை ஒப்பிட்டுப் பார்த்தவர்கள் கூடுதலாகத் தேறினார்கள். முதல் வேலையிலிருந்து எதையாவது எடுத்துச் செல்ல நினைப்பவருக்கு இதுதான் சாவி. செய்வதன் அமைப்பைச் சொற்களில் பிடிக்க வேண்டும், அதே அமைப்பு வேறெங்கே இருக்கிறது என்று ஒப்பிட்டும் பார்க்க வேண்டும்.

பேச்சு காற்றில் நிற்காதிருக்க ஒரு வேலையை எடுத்துக்கொள்வோம். ஜவுளிக்கடையிலோ சூப்பர் மார்க்கெட்டிலோ பில் கவுண்டரில் உட்காருவது, பெரும்பாலும் நிற்பது, நம் ஊரில் பலருக்கு முதல் வேலை. பில் 165 ரூபாய், வாடிக்கையாளர் 500 ரூபாய்த் தாள் தருகிறார். பழகிய காசாளர் கழித்துப் பார்ப்பதில்லை. 165இலிருந்து மேலே எண்ணுகிறார்: ஐந்து வைத்து 170, முப்பது வைத்து 200, முந்நூறு வைத்து 500. கழித்தல் கூட்டலாகிவிட்டது, மீதி தருவதும் கணக்கைச் சரிபார்ப்பதும் ஒரே செயலாகிவிட்டன. வாங்கிய 500 ரூபாய்த் தாளை அவர் உடனே கல்லாவுக்குள் போடுவதும் இல்லை. மீதி கைமாறும்வரை அது மேலேயே, இருவர் கண்ணிலும் படும்படி இருக்கும். நீங்கள் கொடுத்தது 200தான், இல்லை 500 என்ற சண்டைக்கே இடமில்லை. இந்த வேலையை விட்டு வேறு வேலைக்குப் போகும்போது சில்லறை எண்ணும் வேகத்தால் பயன் இல்லை. ஆனால் உள்ளே இரண்டு அமைப்புகள் இருக்கின்றன: செய்துகொண்டே சரிபார்க்கும்படி வேலையை அமைப்பது, காரியம் முடியும்வரை ஆதாரத்தைக் கலைக்காமல் வைப்பது. மருந்து ஏற்றிய பிறகும் குப்பியைத் தூக்கிப் போடாமல் தட்டில் வைத்திருக்கும் செவிலியர் இரண்டாவதைத்தான் செய்கிறார். புதிய தரவுத்தளம் சரியாக ஓடுகிறது என்று உறுதியாகும்வரை பழையதை அழிக்காத மென்பொருள் பொறியாளரும் அதையேதான் செய்கிறார். இந்த ஒப்பீட்டைக் கவுண்டரில் இருக்கும்போதே செய்து பார்த்தவருக்குத்தான் அடுத்த வேலையில் அது நினைவுக்கு வரும்.

இரவு கணக்கு முடிக்கும் நேரம் இதைவிட வளமானது. காலையில் வைத்த தொடக்கச் சில்லறை, நாள் முழுக்கப் போட்ட பில்களின் கூட்டுத்தொகை, கையில் உள்ள ரொக்கம், கார்டு மெஷினின் பட்டியல், யூபிஐ பட்டியல் எல்லாம் ஒன்றோடொன்று பொருந்த வேண்டும். பொருந்தாதபோது புதியவர் முதலிலிருந்து எல்லாவற்றையும் மறுபடி எண்ணுவார். அனுபவசாலி எண்ணுவதற்கு முன் குறையும் தொகையைப் பார்ப்பார். 270 குறைகிறது என்றால், 270 ஒன்பதால் மீதியின்றி வகுபடும் எண். அப்படியானால் எங்கோ இரண்டு இலக்கங்கள் இடம் மாறியிருக்க வாய்ப்பு உண்டு: 580ஐ 850 என்று தட்டினால் வித்தியாசம் சரியாக 270. குறையும் தொகையில் பாதியளவுக்கு ஒரு பில் இருந்தால், அது வரவில் எழுத வேண்டியது பற்றில் எழுதப்பட்டதா என்று பார்ப்பார். தவறின் உருவத்தை வைத்துத் தவறு நடந்த இடத்தை ஊகிக்கும் இந்தப் பழக்கம் கணக்கரோடு முடிவதில்லை. மெக்கானிக்கிடம் இருக்கிறது, நோய் கணிக்கும் மருத்துவரிடம் இருக்கிறது, பிழைதிருத்துபவரிடம் இருக்கிறது. ஒன்றையொன்று சாராத இரண்டு பதிவுகளை வைத்து மோதிப் பார்ப்பது பழைய வழக்கம்தான். வெனிஸ் வணிகர்கள் அதற்கு முன்பே செய்துவந்த இரட்டைப் பதிவு முறையை லூகா பசியோலி 1494இல் அச்சில் கொண்டுவந்தார்.

ஓரிடத்தில் கற்றதை இன்னோரிடத்தில் ஒப்பிட்டுப் பார்ப்பதைத் தற்செயலுக்கு விடாமல் ஏற்பாடாகவே வைத்திருந்தவர்கள் நம்மிடையே இருந்தார்கள். பர்மா, மலேயா, இலங்கை என்று கிளை பரப்பிய நகரத்தார் வட்டிக்கடைகளில் பையன்கள் சிறு வயதிலேயே பெட்டியடிப் பையனாகச் சேர்ந்தார்கள். பணப்பெட்டி அருகே உட்கார்ந்து எடுபிடி வேலையோடு குறிப்பும் பேரேடும் எழுதுவதைப் பார்த்துப் பழகி, பிறகு அடுத்தாளாகி, தேறியவர்கள் ஏஜெண்டாகக் கடையையே நடத்தினார்கள். ஏஜெண்டுக்கு வழக்கமாக மூன்றாண்டுத் தவணை. தவணை முடிந்ததும் வருகிற ஏஜெண்டிடம் கணக்கை ஒப்படைத்துவிட்டு ஊர் திரும்ப வேண்டும். இதில் கவனிக்க வேண்டியது, ஒரே ஆள் ஒரே இருக்கையில் தேய்ந்துபோகாமல் படிநிலையும் ஊரும் மாறிக்கொண்டே இருந்ததுதான். ரங்கூனில் பார்த்ததைப் பினாங்கில் பொருத்திப் பார்க்கும் வாய்ப்பு அந்த அமைப்புக்குள்ளேயே இருந்தது. கிக்கும் ஹோலியோக்கும் சொன்ன இரண்டாவது கதையை அது கைக்குக் கொடுத்தது. (அந்தக் கடன்முறை பற்றி, நிலத்தைப் பறிகொடுத்த பர்மிய விவசாயிக்கு வேறு கருத்து இருந்தது. பயிற்சியின் நேர்த்தியும் தொழிலின் நியாயமும் ஒன்றல்ல.)

கவுண்டர் வேலையில் கிடைக்கும் இன்னொரு திறமை, என் கணக்கில் மற்ற எல்லாவற்றையும்விடப் பெரியது: கெட்ட செய்தியை மேலே உள்ளவரிடம் நேரத்தோடு சொல்லுதல். இதைத் தைரியம் என்ற குணமாகப் பேசுவது வழக்கம். விமானத்துறை இதைப் பயிற்சியாகப் பார்க்க வேண்டியதாயிற்று, அதற்கு ஒரு கொடுமையான காரணம் இருந்தது. 1977 மார்ச் 27 அன்று டெனெரீஃப் தீவில் மூடுபனிக்குள் இரண்டு போயிங் 747 விமானங்கள் ஓடுபாதையிலேயே மோதி 583 பேர் இறந்தார்கள். புறப்பட்டுக்கொண்டிருந்த கேஎல்எம் நிறுவன விமானத்தின் பொறியாளர், எதிர் விமானம் பாதையை விட்டு விலகிவிட்டதா என்று சந்தேகத்தோடு கேட்டார். கேப்டன் விலகிவிட்டது என்று அடித்துச் சொன்னார். பிறகு யாரும் அழுத்திக் கேட்கவில்லை. அந்தக் கேப்டன் நிறுவனத்தின் மூத்த பயிற்சியாளர். அனுபவத்துக்குக் குறைவே இல்லை. 1979இல் நாசா கூட்டிய பட்டறைக்குப் பிறகு, சந்தேகத்தை எப்படிச் சொல்வது, அதை எப்படிக் கேட்பது என்பதை விமானிகளுக்குப் பாடமாகவே நடத்தத் தொடங்கினார்கள். கல்லாவில் 500 ரூபாய் குறைகிற முதல் இரவில் புதியவர் முன்னாலும் இதே கேள்விதான் சின்ன அளவில் நிற்கிறது. கைக்காசைப் போட்டு மூடிவிடலாம். அல்லது இப்படிச் சொல்லலாம்: "சார், கல்லாவுல ஐந்நூறு குறையுது. பில் லிஸ்ட்டும் யூபிஐயும் ஒருதடவை பார்த்துட்டேன். நாலு மணிக்கு நான் சாப்பிடப் போனப்ப வேற ஆள் இருந்தாங்க, அந்த நேரத்து பில்லை மட்டும் இன்னும் பார்க்கல." என்ன நடந்தது, எவ்வளவு, எதைப் பார்த்தாயிற்று, எது பாக்கி என்று நான்கும் அதில் இருக்கின்றன; மன்னிப்பும் இல்லை, சாக்கும் இல்லை. மருத்துவமனை ஷிஃப்ட் மாற்றத்திலும் கட்டுமானத் தளத்திலும் அறிக்கை இந்த வடிவில்தான் இருக்க வேண்டும். குறையும் தொகையைச் சம்பளத்தில் பிடிக்கும் கடைகள் இதற்கு நேர்மாறான பாடத்தை, அதாவது வாயை மூடிக்கொள்வதை, நன்றாகவே கற்றுத்தருகின்றன. அந்தப் பாடமும் அடுத்த வேலைக்குக் கூடவே வரும் என்பதை மறக்க வேண்டாம்.

நேரத்துக்கு வருவது, வாடிக்கையாளர் கத்தும்போது பொறுத்துப்போவது போன்றவற்றை இங்கே நீட்டவில்லை. அவை தேவைதான். ஆனால் எல்லா வேலையிலும் கிடைப்பவை, நேர்காணலில் எல்லோரும் சொல்பவை.

இனி எதிர்வாதங்கள். பெரியவர்களின் வாழ்க்கை வரலாறுகளே இதற்கெல்லாம் சான்று, ஆய்வுகள் எதற்கு என்று ஒருவர் கேட்கலாம். மைக்கேல் ஃபாரடே லண்டனில் 1805இலிருந்து ஏழாண்டு ஒரு பைண்டிங் கடையில் தொழில் பழகியவர். வேதியியலாளர் ஹம்ஃப்ரி டேவியின் சொற்பொழிவுகளைக் கேட்டுக் குறிப்பெடுத்து, அதைத் தானே பைண்டு செய்து அனுப்பி, 1813இல் ராயல் இன்ஸ்டிடியூஷன் ஆய்வகத்தில் இடம் பெற்றார். படிக்க நன்றாக இருக்கிறது. ஆனால் அதே காலத்தில் லண்டனில் பைண்டிங் பழகி பைண்டராகவே முடிந்தவர்களின் வரலாற்றை யாரும் எழுதவில்லை. மறுபக்கம் கணிதமேதை ராமானுஜனைப் பாருங்கள். 1912 மார்ச்சில் சென்னைத் துறைமுகக் கழகக் கணக்குப் பிரிவில் மாதம் 30 ரூபாய்க்கு எழுத்தராகச் சேர்ந்தார். அந்தப் பேரேடுகள் அவருடைய கணிதத்துக்கு எதையும் தந்ததாகச் சொல்ல முடியாது. அவை தந்தது சம்பளமும், தலைமைக் கணக்கர் நாராயண ஐயர், கழகத் தலைவர் ஃபிரான்சிஸ் ஸ்பிரிங் என்று அவருக்காகப் பேசக்கூடிய மனிதர்களும்தான். முதல் வேலை சிலருக்குத் திறமையைத் தராமல் ஆட்களைத் தரும்; அதுவும் லாபமே. ஒரு வாழ்க்கை வரலாற்றை வைத்து எந்தப் பக்கமும் வாதாடலாம் என்பதால்தான் நான் ஆய்வுகளின் பக்கம் போனேன்.

அனுபவம் சேரச் சேரத் திறமை தானாக வளருமே, இதையெல்லாம் பிரித்துப் பார்க்க வேண்டுமா என்பது அடுத்த வாதம். மருத்துவர்களின் அனுபவத்தையும் அவர்கள் தரும் சிகிச்சையின் தரத்தையும் பற்றிய 62 ஆய்வுகளைத் தொகுத்து 2005இல் ஒரு கட்டுரை வந்தது. அவற்றில் பாதிக்கு மேல், ஆண்டுகள் கூடக்கூடத் தரம் குறைவதையே காட்டின. மருத்துவருக்கே இந்தக் கதி என்றால் கவுண்டரில் ஐந்தாண்டு நின்றேன் என்பது மட்டும் எதையும் நிரூபிக்காது.

மூன்றாவது வாதம் கடுமையானது, அதில் நியாயமும் இருக்கிறது. கற்றுக்கொள்கிறாய் என்று சொல்லியே குறைந்த கூலிக்கு வேலை வாங்குகிறார்கள். இந்த மாதிரி அத்தியாயங்கள் அதற்குத்தானே துணைபோகின்றன? தமிழ்நாட்டு நூற்பாலைகளில் சுமங்கலித் திட்டம் என்ற பெயரில் இளம்பெண்களைப் பயிற்சியாளர்கள் என்று பதிந்து, மூன்றாண்டு முடிவில் மொத்தத் தொகை தருவதாகச் சொல்லி வேலை வாங்கியது ஊரறிந்த செய்தி. கடை ஊழியர்கள் உட்கார இருக்கை வேண்டும் என்பதற்கே 2021இல் தனியாகச் சட்டத் திருத்தம் தேவைப்பட்டது. நாள் முழுக்க நிற்பதில் எந்தத் திறமையும் வளர்வதில்லை, கால் நரம்புதான் புடைக்கும். ஆகவே கற்றல் வேறு, கூலி வேறு. ஒன்றைக் காட்டி மற்றதைக் குறைக்க யாரையும் அனுமதிக்காதீர்கள். 1961ஆம் ஆண்டுப் பயிற்சியாளர் சட்டமே பயிற்சிக் காலத்துக்கு உதவித்தொகை தர வேண்டும் என்கிறது. பயிற்சி என்று சொல்லப்படுவது உண்மையில் பயிற்சிதானா என்று அறிய ஒரு கேள்வி போதும்: போன மூன்று மாதத்தில் தெரியாத எது இந்த மூன்று மாதத்தில் தெரிந்தது? விடை இல்லாமல் இரண்டு தடவை போனால் அங்கே நடப்பது வேலை மட்டும்தான். அதற்கு முழுக் கூலி கேட்க வேண்டும், அல்லது வேறு இடம் பார்க்க வேண்டும்.

இயந்திரம் எல்லாவற்றையும் செய்துவிடும்போது கவுண்டரில் கற்க என்ன இருக்கிறது என்றும் கேட்கிறார்கள். 2016இல் யூபிஐ வந்த பிறகு சில்லறை எண்ணும் வேலை பாதியாகிவிட்டது உண்மை. ஆனால் வாடிக்கையாளர் காட்டும் திரையை நம்பாமல் கடையின் கணக்குக்குப் பணம் வந்த செய்தியைப் பார்த்த பிறகே பொருளைக் கொடுக்கிற காசாளர், மேலே கிடக்கும் 500 ரூபாய்த் தாளை வைத்து வேலை செய்தவரின் வாரிசுதான். அமைப்பைப் பிடித்தவருக்குக் கருவி மாறியது சிரமமாக இருக்கவில்லை.

செய்ய வேண்டியது இதுதான். ஒரு சின்ன நோட்டு வைத்துக்கொள்ளுங்கள். வாரம் ஒருமுறை, தடுமாறிப் பிறகு சரிசெய்த ஒரே ஒரு வேலையை அதில் எழுதுங்கள். பொறுமை கற்றேன் என்று எழுத வேண்டாம். 270 குறைந்தது, இலக்கம் இடம் மாறியிருந்தது, இப்படிக் கண்டுபிடித்தேன் என்று எழுதுங்கள். அதன் கீழே, இதே அமைப்பு உள்ள வேறு ஒரு தொழிலின் பெயரை எழுதுங்கள். தோன்றாவிட்டால் அந்தத் தொழிலில் இருக்கும் நண்பரைக் கேளுங்கள். ஆறு மாதம் ஆனதும் சூப்பர்வைசரிடம் இடம் மாற்றிக் கேளுங்கள்: கவுண்டரிலிருந்து சரக்கு இறங்கும் இடத்துக்கு, அங்கிருந்து திருப்பித் தரும் பொருள்களின் பிரிவுக்கு. பல இடங்களில் முடியாது என்பார்கள். அப்போது ஒரு மணி நேரம் கூடநின்று பார்க்கவாவது அனுமதி கேளுங்கள். பயோடேட்டாவில் குணங்களை எழுதும் இடத்தில் இந்த நோட்டிலிருந்து இரண்டு குறிப்புகளை எடுத்து எழுதினால் நேர்காணலில் பேச்சு அவற்றைப் பற்றியே நடக்கும், உங்களுக்குத் தெரிந்த தரையில்.

வேலையை விடும்போது அனுபவச் சான்றிதழும் பிஎஃப் விவரமும் வாங்குவதோடு இன்னொன்றும் செய்யுங்கள். உங்கள் வேலையை எப்படிச் செய்வது என்று இரண்டு பக்கத்தில் எழுதி, உங்கள் இடத்துக்கு வருகிறவரிடம் கொடுங்கள். அவர் அதை மட்டும் வைத்து ஒருநாள் வேலை பார்க்கட்டும். நீங்கள் பக்கத்தில் இருங்கள், வாய் திறக்காதீர்கள். அவர் எங்கெல்லாம் திணறி உங்கள் முகத்தைப் பார்க்கிறாரோ அங்கெல்லாம் நீங்கள் எழுதாமல் விட்ட ஏதோ ஒன்று இருக்கிறது, உங்கள் கை தெரிந்துவைத்திருந்தும் உங்களுக்கே தெரியாத ஒன்று. அன்று மாலை அவற்றையும் நோட்டில் ஏற்றிக்கொள்ளுங்கள்.